லூசியா நாள் கோதுமை

நெவென்காவின் சமையலறை அலமாரியில் யாரும் கைவைக்கக் கூடாது. வராஷ்தின் ஊரில் அந்தத் தெரு முழுக்கத் தெரிந்த சட்டம் அது. மருமகள் திஹானாவுக்கு மட்டும் தெரியவில்லை.

"இது என்னடி?"

"துணியில செஞ்ச மான், அத்தை. கிறிஸ்துமஸ் வருதே, அழகா இருக்குமேன்னு வச்சேன்."

"ஏசு பிறந்த மாட்டுக்கொட்டகையில மான் எங்கடி வந்துச்சு?"

மான் இறங்கியது. கூடவே பேட்டரி மெழுகுவத்தியும் இறங்கியது. ஊசியிலைக் கிளை, பஞ்சுப் பனி, தங்கத்தாள் சுற்றிய வால்நட், இதய வடிவச் சிவப்பு ரொட்டி, மரக் குடில் எல்லாம் நாற்பது வருடமாக இருந்த இடத்தில் மறுபடி உட்கார்ந்தன. நடுவில் கோதுமைத் தட்டு.

அந்தத் தட்டுதான் முக்கியம். டிசம்பர் பதின்மூன்று, புனித லூசியாவின் நாளில் விதைத்தால் கிறிஸ்துமஸுக்குள் ஒரு சாண் வளர்ந்துவிட வேண்டும். அடர்த்தியாக நின்றால் வரும் வருடம் நல்ல வருடம். வளராவிட்டால் என்ன என்று அந்த வீட்டில் யாரும் பேச மாட்டார்கள்.

இந்த வருடம் பேசினார்கள். நெவென்காவின் கணவர் வாலென்டுக்கு ஜனவரி எட்டாம் தேதி இதய ஆபரேஷன். பத்து மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. இதைத் தள்ளிப்போட்டால் அடுத்த கோடைவரை தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"கோதுமை சொல்றதுதான் முடிவு," என்றார் வாலென்ட். "நல்லா வளர்ந்தா போறேன். இல்லைன்னா வீட்லயே கெடக்கேன்."

நெவென்கா சிலுவைக் குறி போட்டுக்கொண்டு சம்மதித்தாள்.

"கோதுமை எந்தக் காலேஜ்ல டாக்டருக்குப் படிச்சுது, மாமா?" என்றாள் திஹானா.

அதோடு மாமியார் இரண்டு நாள் பேச்சை நிறுத்தினாள். அயர்லாந்தில் வேலை பார்க்கும் மகனுக்குப் போன் போட்டு, "உன் பொண்டாட்டிக்கு சாமியும் கிடையாது, சம்பிரதாயமும் கிடையாது" என்று புகார் வாசித்தாள்.

ஐந்தாம் நாள் முளைவிட்டது. எட்டாம் நாள் மஞ்சளித்தது. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காலையில் பார்த்தால் தட்டு முழுக்க வைக்கோல்.

வாலென்டின் அக்கா பிஸெர்கா வருடா வருடம் கோதுமையைப் பார்க்கவே வருகிறவள். அன்றைக்கும் வந்திருந்தாள்.

"தம்பி, அப்பா செத்துப்போன வருஷமும் இப்படித்தாண்டா ஆச்சு," என்றாள்.

"நான்தான் அப்பவே சொன்னேனே," என்றார் வாலென்ட். "நெவென்கா, ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிடு."

நெவென்கா போனை எடுத்தாள். கருகிய கோதுமையை வைத்துக்கொண்டு புருஷனை ஆபரேஷன் மேஜைக்கு அனுப்ப அவளுக்குத் தைரியம் இல்லை. அனுப்பாமல் இருக்கவும் தைரியம் இல்லை. இரண்டு முறை எண்ணைத் தப்பாக அழுத்தினாள்.

"போனை வைங்க அத்தை," என்றாள் திஹானா. "கோதுமையைக் கெடுத்தது நான்தான்."

"என்னது?"

"நாலு நாளைக்கு முன்னாடி அலமாரியைத் துடைச்சேன். கறை போக்குற மருந்துத் தண்ணி தட்டுல கொட்டிடுச்சு. திட்டுவீங்கன்னு சொல்லலை."

நெவென்கா திட்டினாள். பத்து நிமிடம். பிஸெர்கா தன் பங்குக்கு ஐந்து நிமிடம். வீடு விளங்குமா, என் மகனுக்கு உலகத்தில் வேறு பெண்ணே கிடைக்கவில்லையா, எல்லாம் வந்தது.

மூச்சு வாங்கும்போதுதான் நெவென்காவுக்கு ஒன்று உறைத்தது.

"அப்ப கோதுமை தானா சாகலை?"

"இல்ல அத்தை."

"மருந்து ஊத்தினா எந்தக் கோதுமையும் சாகும்தானே?"

"ஆமா அத்தை."

நெவென்கா நாத்தனாரைப் பார்த்தாள். "இது சகுனத்துல சேராது, இல்லையா அண்ணி?"

பிஸெர்கா யோசித்தாள். "சேராது," என்றாள்.

"அதெப்படிச் சேராது?" என்றார் வாலென்ட்.

"நீங்க சும்மா இருங்க. எட்டாம் தேதி போறோம்."

வாலென்ட் வாயைத் திறந்தார். மருமகளைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

பண்டிகை முழுக்க நெவென்கா மருமகளிடம் முகம் கொடுக்கவில்லை. வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் முதலில் அலமாரியில் கோதுமைத் தட்டு இருந்த காலி இடத்தைக் காட்டினாள். பிறகு திஹானாவைக் காட்டினாள்.

எட்டாம் தேதி காலை. ஆஸ்பத்திரியில் நெவென்கா காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தள்ளுகட்டிலில் படுத்திருந்த வாலென்ட், பக்கத்தில் நின்ற மருமகளைக் கிட்டே கூப்பிட்டார்.

"நீ மருந்துத் தண்ணி எதுவும் கொட்டலையே, திஹானா."

"இல்ல மாமா."

"தினமும் உப்பைக் கரைச்சு ஊத்தினது நான்தான். கத்தின்னா எனக்கு அவ்வளவு பயம்."

திஹானா போர்வையை இழுத்துவிட்டாள்.

"தெரியும் மாமா. உப்பு டப்பா ஏன் காலியாச்சுன்னு அத்தை கேட்டாங்க. சூப்புல அள்ளிப் போட்டேன்னு சொல்லி, அதுக்கும் சேர்த்து அன்னைக்கே நான் திட்டு வாங்கிட்டேன்."