கிழித்துப் போட்ட புகார்

குப்பைக்கூடையிலிருந்து பொறுக்கியெடுத்த நான்கு காகிதத் துண்டுகளைத் தலைமையாசிரியரின் மேசைமேல் ஓங்கி அறைந்து வைத்தார் தமிழாசிரியை.

"முப்பத்தெட்டு பிள்ளைங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புகார். யாரைக் கேட்டு சார் கிழிச்சீங்க?"

"விவரம் தெரியாத பசங்க, டீச்சர். விடுங்க."

"எல்லாம் தெரிஞ்சுதான் எழுதியிருக்காங்க. விளையாட்டுப் பீரியடையெல்லாம் பிடுங்கிப் பாடம் நடத்தினா அவங்களுக்கு வயிறு எரியாதா?"

"நல்லதுக்குத்தானே..."

"அதை விசாரணையில சொல்லிக்கலாம். இன்னிக்கே விசாரிங்க. இல்லைன்னா நானே மேலிடத்துக்கு எழுதுவேன்!"

அவர் போட்ட சத்தத்தில் வராந்தாவில் போய்க்கொண்டிருந்த பியூன் அப்படியே நின்றுவிட்டார்.

"பத்தொன்பது வருஷ சர்வீஸ்ல ஒரு கரும்புள்ளி விழணுமா?"

"விழட்டும்!"

தலைமையாசிரியர் தலையில் கைவைத்துக்கொண்டார். "புகாரே உங்க மேலதான், டீச்சர்! இவ்வளவு நாள் உழைச்சதுக்கு இதுதான் பலனா?"

தமிழாசிரியை கிழிந்த துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி வைத்தார். கோபம் மட்டும் இறங்கவில்லை.

"இதுதான் சார் பலன்! போன வருஷம் ஒரு லீவு லெட்டர் எழுதத் தெரியாத பிள்ளைங்க, இன்னிக்குப் பயப்படாம, ஒரு ஒற்றுப்பிழைகூட இல்லாம எழுதியிருக்காங்க. அதைப் போய்க் கிழிச்சுட்டீங்களே!"