காகிதக் கோப்பை

மற்ற மூன்று பேருக்கும் பீங்கான் கோப்பையில் காபி வந்தது. பெண் கேட்டு வந்தவனுக்கு மட்டும் காகிதக் கோப்பை.

குடித்ததும் அதை அவனே கொண்டுபோய் வாசல் குப்பைக்கூடையில் போட்டுவிட வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. அவன் முகம் சுளிக்காமல் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். மகளுக்குத்தான் கண் கலங்கியது. அப்பா சம்மதிக்காமல் கல்யாணம் இல்லை என்று சொல்லி அவனை வரவழைத்தவளே அவள்தான்.

அப்பா ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி. துறைமுகத்தில் இருந்தவரை தனக்குத் தெரியாமல் ஒரு குண்டூசிகூட உள்ளே நுழைந்ததில்லை என்று இன்றைக்கும் மார்தட்டுவார். அந்த மார்புக்குள் பேஸ்மேக்கர் இருப்பதால் கொஞ்சம் மெதுவாகத் தட்டுவார். அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்குள் அணுக்கூடத்து ஆள் மருமகனாக நுழைவதா?

"என்ன வேலைன்னு இன்னொரு தடவை சொல்லுங்க தம்பி."

அவன் பொறுமையாக விளக்கினான். சூரிய வெளிச்சம் எட்டாத தூரத்துக்குப் போகும் விண்கலத்துக்கு அணு பேட்டரி செய்கிறான். புளூட்டோனியம் என்ற உலோகம் தானாகவே சூடாகிக்கொண்டிருக்கும். அதைக் கவசத்துக்குள் அடைத்து, அந்தச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுப்பார்கள்.

"ஆகாயத்துல அடுப்பு மூட்டுறவர்னு சொல்லுங்க. இதுக்கு எதுக்கு இத்தனை படிப்பு?"

அதோடு விடவில்லை. அணுவோடு பழகுகிறவனுக்குத் தலைமுடி கொட்டும், பிறக்கிற பிள்ளைக்கு ஆறு விரல் இருக்கும், இருட்டில் உடம்பு பச்சையாக மின்னும் என்று தொலைக்காட்சியில் பார்த்ததையெல்லாம் அடுக்கினார். அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"பேட்டரின்னா இது." அவர் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். எதிர்வீட்டு வக்கீலுக்கு எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை நெஞ்சைக் கீறிப் புதிதாக வைக்கிறார்களாம். இவருக்கு இருபத்தொன்பது வருஷமாக ஒரே பேட்டரிதான். "ஒரு தடவைகூட மாத்தலை. அதெல்லாம் உடம்பு வாகு தம்பி."

வந்தவன் சட்டென்று நிமிர்ந்தான். ஏதோ கேட்க வாயெடுத்தவன், அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போனான். ஆள் வாயடைத்துப்போனான் என்று அப்பாவுக்குப் பரம திருப்தி.

"முடிவா சொல்றேன். அந்த உலோகத்துக்குப் பக்கத்துல நாலு நாள் இருந்தாலே ஆள் காலி. தினமும் அதோட புழங்கிட்டு வர்ற மனுஷன்கூட என் பொண்ணு எப்படிக் குடித்தனம் பண்ணுவா?"

மகள் எழுந்து உள்ளே போகப் பார்த்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு கைப்பையிலிருந்து ஓரம் நைந்துபோன ஆஸ்பத்திரி அட்டை ஒன்றை எடுத்துக் கணவர் முன்னால் வைத்தாள். பேஸ்மேக்கர் வைத்த அன்றைக்கு அவர் நினைவில்லாமல் கிடந்தபோது அவள் கையெழுத்துப் போட்டு வாங்கியது. பயந்தே செத்துவிடுவார் என்று இதுவரை அவர் கண்ணில் காட்டாதது.

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். அவர் படித்து முடிக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை.

"உங்க நெஞ்சுல ஓடுறதும் அதே புளூட்டோனியம்தான். இத்தனை வருஷமா நான் குடித்தனம் பண்ணலையா?"