மேட்டில் நின்ற புது லாரி

பூசை போட்டுக் கட்டிய எலுமிச்சம்பழம்கூட இன்னும் காயவில்லை. அதற்குள் புது லாரி முட்டை லோடோடு தொப்பூர் மேட்டில் பாதியில் நின்றுவிட்டது. செங்கோடன் இறங்கி டயரை உதைத்துப் பார்த்தார். அசையவில்லை. டீலர் ஆட்கள் வந்து கட்டி இழுத்துப் போனார்கள்.

சர்வீஸ் சென்டர் மேனேஜர் செங்கோடனிடம் எதுவும் கேட்கவில்லை. நேராக லாரியிடம் போய், "என்ன கண்ணு ஆச்சு?" என்றார்.

"மேடு வந்தாலே அண்ணன் எங்கம்மாவை இழுத்துத் திட்டுறாருங்க," என்றது லாரி. "எனக்கு அம்மாவே இல்லீங்க. அந்தத் துக்கத்துல கியரே விழமாட்டேங்குது."

செங்கோடன் எகிறினார். "திட்டினாத்தானுங்க வண்டி மேடு ஏறும்! என்ர பழைய லாரியெல்லாம் அப்படித்தான் ஏறுச்சு!"

"வண்டி நல்லாத்தான் இருக்குதுங்க. கோளாறு உங்ககிட்டத்தான்," என்றார் மேனேஜர். "வாரண்டி இருக்குது, நாங்களே சரிபண்ணித் தர்றோம்."

லாரி தானாகவே போய் முட்டையை இறக்கிவிட்டுச் சங்ககிரி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. செங்கோடனை ஒர்க்‌ஷாப்பில் உட்காரவைத்துக்கொண்டார்கள்.

ஒரு வாரம் கழித்து அவர் மனைவி பூங்கோதை போன் செய்தாள். மேனேஜர் வழக்கமான பாட்டையே பாடினார். "நாளைக்கு முடிஞ்சிருமுங்க. நல்ல வார்த்தை ஸ்டாக் இல்லை, கம்பெனியிலிருந்து வரணும்."

"அவசரமே இல்லீங்க," என்றாள் பூங்கோதை. "லாரி வாசல்ல வந்து நின்னதும், 'அண்ணி, சாப்டீங்களா?'ன்னு கேட்டுதுங்க. கல்யாணமான நாள்லருந்து இவரு ஒருக்கா கேட்டதில்லை. வாரண்டி முடியறதுக்குள்ள அதையும் மாட்டி அனுப்புங்க."