சரியாக நூறு

மருந்துத் துகள் பெரிதாக இருந்தால் கல்லீரலே பிடித்துவைத்துக்கொள்ளும். புற்றுக்கட்டிக்குப் போய்ச் சேராது. ஆராய்ச்சியாளரின் துகளோ இரண்டு வருடமாக முந்நூறு நானோமீட்டருக்குக் கீழே இறங்கவில்லை. ஆராய்ச்சியை இழுத்து மூட இயக்குநரே வந்து நிற்க, ஆராய்ச்சியாளர் பதற்றத்தோடு அளவுக்கருவியின் பொத்தானை அழுத்தினார்.

நூறு!

மறுபடி அழுத்தினார். அதே நூறு.

"எவ்வளவு பொடியா இருந்தாலும் என் கண்ணுல இருந்து தப்பிக்க முடியுமா சார்?"

"பிரமாதம்! இன்னும் ரெண்டு வருஷம் தர்றேன்" என்று இயக்குநர் கைகுலுக்கினார்.

கருவியைப் பராமரிக்கும் அம்மாள் உள்ளே வந்து அதன் மூடியைத் திறந்தார். "மிஷின் ஒழுங்கா அளக்குதான்னு பார்க்க, கம்பெனிக்காரங்க குடுத்த நூறு நானோமீட்டர் துகளைக் காலையில வெச்சேன். எடுக்க மறந்தே போச்சு."

ஆராய்ச்சியாளரின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. விரல் நீளமிருந்த அவருடைய மருந்துக்குப்பி அங்கேதான் இருந்தது.