நிற்க வேண்டிய இடம்

சுவரில் இன்னும் வெயில் விழவில்லை.

இன்றைக்கு விழாமலே தொலையட்டும் என்று ஜெசிந்தா வேண்டிக்கொண்டாள். எத்தனையோ மாலைகள் இந்த வெயிலுக்காக இதே தெருவில் தவம் கிடந்தவள்தான்.

பாரிமுனையை ஒட்டிய தெரு. பழைய கிடங்கு ஒன்றின் மஞ்சள் சுவர். எதிர் வரிசையில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஓர் இடுக்கு. சாயங்காலம் அதன் வழியாக நுழைகிற வெயில், சுவரில் ஒரு கதவளவுக்கு விழும். கொஞ்ச நேரம்தான். அப்புறம் போய்விடும்.

அந்த வெயிலில்தான் அவர்கள் வந்து நிற்பார்கள். ஒரு பெண், ஒரு பையன். பையனுக்கு ஏதோ லேத் பட்டறையில் வேலை போலிருக்கிறது. முகமெல்லாம் கரி. அந்தப் பெண் துப்பட்டா நுனியால் அவன் கன்னத்தைத் துடைத்துவிடுவாள்.

அதைத்தான் ஜெசிந்தா படம் எடுத்தாள். அவர்களுக்குத் தெரியாமல்.

படம் கண்காட்சிக்குப் போனது. அங்கிருந்து போன் போனாக ஊர் சுற்றியது.

இன்று மதியம் கண்காட்சிக்கு ஒருவன் வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பணிவான முகம். அந்தப் படத்தின் முன்னால் போய் நின்றவன் நகரவே இல்லை.

"கோயில்பட்டியிலேர்ந்து இதப் பாக்கத்தாம்க்கா வந்தேன். எப்பிடிக்கா எடுத்திய?"

வருகிறவனெல்லாம் என்ன கேமரா, என்ன விலை என்றுதான் கேட்பான். இவன் எப்படி எடுத்தாய் என்று கேட்கிறான். அதுவும் அத்தனை தூரத்திலிருந்து வந்து. ஜெசிந்தாவுக்குத் தலையில் ஐஸ் வைத்தது போலாகிவிட்டது.

தெருவைச் சொன்னாள். சுவரைச் சொன்னாள். கேட்காததையும் சொன்னாள்.

"எதிர்ல டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் தம்பி, அங்க நிக்கணும். வெயிலு நம்ம முதுகுப் பக்கம். அவங்களுக்குக் கண்ணு கூசும், நாம நிக்கறதே தெரியாது. தெனம் வருவாங்க. கன்னத்தத் தொடைக்கறப்ப ரெண்டு பேருக்கும் உலகமே மறந்துடும். அதான் நேரம்."

அவன் கைகூப்பிவிட்டுப் போனான். படியிறங்கும்போது போனில் பேசியது மேலே வரைக்கும் கேட்டது.

"கண்டுட்டேம்ல. தங்கச்சி இங்கனதான் இருக்கா. அந்தப் பயலும் கூடத்தான். அப்பாட்டச் சொல்லாத. இன்னைக்கே ரெண்டையும் முடிச்சிருவோம்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணலின் வாயால் கெடப்போவது வேறு இரண்டு பேர்.

ஆட்டோவில் வரும்போதே நூறுக்குப் போன் போட்டாள். வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். அழுதுகொண்டே வந்தாள்.

இப்போது தெருவில் நிற்கிறாள். போலீஸ் வண்டி இன்னும் வரவில்லை.

அவன் டிரான்ஸ்ஃபார்மர் ஓரமாக நிற்கிறான். அவள் சொன்ன அதே இடம், இம்மி பிசகவில்லை. சொன்ன சொல் தட்டாத பிள்ளை. கூடவே இன்னொருவன். அவன் அக்குளில் பேப்பரில் சுற்றிய ஏதோ ஒன்று, நீளமாக.

அந்த அண்ணன்காரனிடம் போய்க் காலில் விழலாம். விழுந்துகொண்டிருக்கும்போதே அவர்கள் வந்துவிட்டால்? முதலில் அவர்களை மறிக்க வேண்டும். தெருவுக்குள்ளேயே வரவிடக் கூடாது.

எந்தப் பக்கமிருந்து வருவார்கள்?

ஜெசிந்தா தெருவின் இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவளுக்குத் தெரியாது. கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு அந்த மஞ்சள் சுவரை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றவள் அவள். அவர்கள் ஃபிரேமுக்குள் வந்த பிறகுதான் அவளுக்கு மனிதர்கள். அதற்கு முன்னால் எந்தச் சந்தில் நடந்தார்கள், அப்புறம் எங்கே போனார்கள், அவள் ஒருநாளும் தலையைத் திருப்பிப் பார்த்ததில்லை.

கடற்கரைப் பக்கம்தான் இருக்க வேண்டும். பட்டறைகள் அங்கேதானே அதிகம். தெருவின் அந்த முனைக்கு ஓடிப் போய் நின்றாள்.

வெயில் வந்துவிட்டது.

சுவர் பொன்னாக எரிந்தது. கை தானாகக் கழுத்துக்குப் போய்க் கேமராவைத் தேடியது. அந்தக் கையை வெட்டிப் போட்டால் என்ன என்றிருந்தது அவளுக்கு.

அவர்கள் மறுமுனையிலிருந்து வந்தார்கள்.

பேசிக்கொண்டே வந்தார்கள். வெயிலுக்குள் வந்து நின்றார்கள். அந்தப் பெண் துப்பட்டா நுனியைக் கையில் எடுத்தாள்.

"ஏம்மா! ஏய்! மஞ்சச் சுடிதாரு! ஓடிடும்மா!"

கத்திக்கொண்டே ஓடினாள். மூட்டை ஏற்றிய மீன்பாடி வண்டி குறுக்கே வந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே நின்றது. கூச்சல் போடாதவனுக்கு அந்தத் தெருவில் வேலையே இல்லை. அவள் கூச்சலுக்கு யார் திரும்புவார்கள்?

பெயர் தெரிந்தால் கூப்பிடலாம். பெயர் தெரியாது. கன்னத்தை எந்தக் கையால் துடைப்பாள் என்று தெரியும். துடைக்கும்போது தலை எந்தப் பக்கம் சாயும் என்று தெரியும். பெயரை மட்டும் கேட்டதே இல்லை. கேட்டால் கூச்சம் வந்துவிடும், முகம் மாறிவிடும், படம் செத்துவிடும்.

"ஐயோ, அங்க நிக்காதீங்க!"

அப்போது டிரான்ஸ்ஃபார்மர் ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சத்தமாகக்கூட இல்லை. சோறு போட்டுவிட்டுக் கூப்பிடுகிற குரல்.

"ஏட்டி செம்பா..."

அந்தப் பெண் சட்டென்று திரும்பினாள். கண் கூசியது. கையைப் புருவத்தின் மேல் வைத்துப் பார்த்தாள்.

வீட்டுக் குரல் கேட்டு எத்தனை நாளாயிற்றோ. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.