மவுஸ் இருந்தால் போதும்

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தன் மனைவி விரலை நீட்டிப் பேசுவதை முதலாளி பார்த்துக்கொண்டு நின்றார். சர்வர் அறையின் ஏசி இரைச்சலில் ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை. அந்த விரல் முதலில் மேஜைக்கடியில் சும்மா கிடந்த பழைய சர்வரைக் காட்டியது. பிறகு வாசலைக் காட்டியது.

எதிரே நின்றவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். மருந்து மொத்த வியாபாரத்தின் ஆர்டர், ஸ்டாக், பில் அத்தனையும் ஓடுகிற யூனிக்ஸ் சர்வரைப் பல வருஷமாகக் கட்டி மேய்ப்பவர். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகத் தட்டிக்கொண்டே இருப்பார் என்பதால் ஆபீசில் அவருக்குக் கறுப்புத்திரை என்றே பெயர்.

வேலையை விட்டுப் போகச் சொல்லும் பாவத்தை மனைவியே செய்து முடித்ததில் முதலாளிக்கு நிம்மதிதான். வெட்கமாகவும் இருந்தது.

எல்லாம் மைத்துனரால் வந்த வினை. பார்த்த வேலைகள் ஒவ்வொன்றும் அவரை உதறிவிட, அக்கா வீட்டு சோபாவில் நிரந்தரமாகக் குடியேறியிருந்தார். தம்பியை சிஸ்டம் மேனேஜர் ஆக்கியே தீரவேண்டும் என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். ஆனால் தம்பிக்கோ கறுப்புத் திரையைக் கண்டாலே ஆகாது.

"கமாண்ட் அடிக்கிறதெல்லாம் பழைய காலம் அத்தான். ஒரு ரிமோட் டெஸ்க்டாப் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க. மவுஸ் இருந்தா போதும், இந்த சோபாவிலேர்ந்தே ஓட்டிருவேன்!"

கறுப்புத்திரை முகம் சுளிக்கவில்லை. அன்று பகல் முழுக்க மேஜைக்கடியில் குனிவதும் நிமிர்வதுமாக இருந்தார். ஐகான் தெரிகிற திரையை ஏற்றினார், ஃபயர்வாலில் வழி திறந்தார், பாஸ்வேர்டு போட்டார். கடைசியில் மைத்துனரிடம் ரொம்ப மரியாதையாக ஒன்றே ஒன்று கேட்டார்.

"பின்னாடி என்ன கலர் வேணும் சார்?"

"நீலம் போடுங்க," என்றார் மைத்துனர், பெரிய முடிவெடுத்த தோரணையில்.

மறுநாள் கறுப்புத்திரை தன் டீ கப்பையும் ஸ்வெட்டரையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். முதலாளியால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"உங்களுக்குச் சேர வேண்டியது..." என்று இழுத்தார்.

"அதெல்லாம் அம்மாகிட்ட பேசிட்டேன் சார். வர்றேன்."

சம்பள விஷயம் எப்போதும் மனைவியின் பொறுப்பு என்பதால் முதலாளி மேற்கொண்டு கேட்கவில்லை.

அன்றிலிருந்து மைத்துனர் சோபாவில் சாய்ந்தபடியே ஆபீசை ஆண்டார். வியாபாரமும் ஒரு நாள்கூடத் தடங்கல் இல்லாமல் ஓடியது. இந்தப் பிள்ளையைப் போய்க் குறைத்து மதிப்பிட்டோமே என்று முதலாளியே உருகிவிட்டார். ஒரே ஒரு சந்தேகம்தான் அவருக்கு.

"மாப்ள, இன்னைக்கு வந்த ஆர்டர் எதையும் காணோமே? எல்லாம் நேத்தோடதாவே இருக்கு?"

"ரிமோட்னா தூரத்திலேர்ந்து வரணும்ல அத்தான்? ஒருநாள் ஆகத்தான் செய்யும்."

முதலாளி அதற்கும் தலையாட்டினார்.

ஒருநாள் காலை மைத்துனர் லேப்டாப்பை ஏந்திக்கொண்டு பேயறைந்தவர்போல் வந்து நின்றார்.

"அத்தான், டிஸ்க்ல இடமில்லன்னு காட்டுச்சு. வேண்டாததை அழிக்கலாம்னு செலக்ட் பண்ணேன்..."

"பண்ணி?"

"எல்லாமே செலக்ட் ஆயிருச்சு போல. டெலீட் குடுத்துட்டேன்."

"அடப்பாவி! ஒரு வார்த்தை கேக்காமலா அழிக்கும்?"

"கேட்டுச்சு. நிஜமாவே அழிக்கவான்னு கேட்டுச்சு. ஆமான்னுட்டேன்."

திரையில் ஒரு ஐகான் மிச்சமில்லை. நீலம் மட்டும் துடைத்துவிட்டதுபோல் பளபளவென்று இருந்தது. முதலாளி ஆயுசு முழுக்க ஓடி ஓடிச் சேர்த்த வியாபாரம். யார் யாருக்கு எந்த மருந்து போக வேண்டும் என்பதுகூட இனி ஒருவருக்கும் தெரியாது.

உள்ளே ஓடினார். மனைவி உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"போச்சு! உன் தம்பி சர்வரையே அழிச்சுட்டான். உன் பேச்சைக் கேட்டு அந்த நல்ல மனுஷனை அனுப்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்! நடுத்தெருவுல நிக்கப் போறோம்!"

அவள் மடிப்பு கலையாமல் ஒரு துண்டை எடுத்து வைத்தாள்.

"மொதல்ல குடோனுக்கு ஒரு போன் போடுங்க."

போட்டார். மறுமுனையில் ஒரே இரைச்சல். "பில் மளமளன்னு விழுந்துட்டிருக்கு சார், லாரி ஏத்திட்டிருக்கோம். அப்புறம் கூப்பிடட்டுமா?"

முதலாளி மனைவியைப் பார்த்தார். அவள் தன் செல்போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தி, அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். வந்தது கறுப்புத்திரையின் குரல். பின்னால் அவர் வீட்டுக் குக்கர் விசிலடித்தது.

"இங்கேர்ந்தே பாத்துட்டேம்மா. நிஜ சர்வர் நல்லா ஓடுது, ஒண்ணும் ஆகல. அழிஞ்சது நேத்து ராத்திரி போட்ட காப்பிதான்."

"சம்பளம் வந்துச்சாண்ணே?"

"ஒண்ணாம் தேதியே வந்துருச்சும்மா."

"சரிண்ணே. தம்பி விளையாடறதுக்கு அந்தப் பழைய பெட்டியில இன்னொரு காப்பி போட்டு வெச்சிருங்க."