வெண்கலப் புலியின் மற்றப் பாதி

இந்தக் காலத்தில் யார் எதைச் சொன்னாலும் சனம் நம்புகிறது. போனில் ஒரு செய்தி வந்தால் போதும், உடனே ஓடுகிறார்கள்.

நான் லண்டனில் ஒரு மியூசியத்தில் கிளீனர். சீனக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பாதி வெண்கலப் புலி ஒன்று கிடக்கும். மற்றப் பாதி கிடைக்கவேயில்லையாம். அங்கே வேலை செய்யும் சென்னைப் பெண் பாமாதான் விளக்கினாள்.

"ஒரு பாதி ராஜாகிட்ட, ஒரு பாதி தளபதிகிட்ட இருக்கும் அங்கிள். ரெண்டும் பொருந்தினாத்தான் படை கிளம்பும்."

"நல்ல சட்டம், பிள்ளை. ஊரில சண்டை நடக்கேக்க எங்கட வீட்டுக்கு வந்தவங்கள் மேலிடத்து உத்தரவு எண்டு வாயால சொல்லித்தான் என்ர மகனைச் சண்டைக்குக் கொண்டு போனவங்கள். பதினாறு வயசு. என்ர மனுசி இன்னும் அவன் வருவான் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறா."

போன செவ்வாய் காலை பெட்டிக்குள் முழுப் புலி நின்றது. பூட்டு பூட்டியபடியே இருந்தது.

"நீங்க தொட்டீங்களா அங்கிள்?"

"பூட்டைத் திறக்க என்னட்டைத் திறப்பு இருக்கோ?"

நான் அப்போதுதான் துடைத்த ஈரத் தரையில் வெறுங்கால் தடங்கள் இருந்தன. நாலு நாலு பேராகப் படை அணிவகுத்து நின்றதுபோல, பெட்டியைப் பார்த்தபடி. வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை. முன்வரிசையில் ஒரு இடது காலில் சின்ன விரல் இல்லை. கோடரி விழுந்து என் மகனுக்கும் அந்த விரல் போனது.

"இது யார் கால் அங்கிள்?"

"சின்ன விரல் இல்லாதவங்கள் எங்கட ஊரில ஆயிரம் பேர்."

மற்றத் தடங்களைத் துடைத்தேன். அதை மட்டும் விட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். தரை காய்ந்தால் அதுவும் போய்விடும்.